அமிர்தம் தூக்கிய விரல்

ஜீயபுரத்தில் என் வீட்டுக்காரர் பெரியண்ணனின் தவிலைத் தெரியாதவர் கிடையாது. வேகமாக அடித்தால் அடிப்பவரையே ஆகாயத்துக்குத் தூக்கிவிடும். மெதுவாக அடித்தால் மெதுவாக இறக்கிவிடும். அதனால் கல்யாணங்களில் கெட்டிமேளம் வருவதற்கு முன்பே அவர் இடுப்பில் கயிறு போட்டுப் பந்தல்காலோடு கட்டிவிடுவோம். அந்த முடிச்சு எங்கள் மகள் அமிர்தத்தின் பொறுப்பு. பத்து வயதுதான், ஆனால் அவள் போட்ட முடிச்சு ஒரு தடவைகூட அவிழ்ந்ததில்லை. பெற்றவள் பீற்றிக்கொள்கிறாள் என்று நினைக்காமல் மேலே கேளுங்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். விடிந்ததும் அம்மா மண்டபம் படித்துறைக்குக் குளிக்கப் போனோம். தவிலையும் இடுப்புக் கயிற்றையும் படியில் வைத்துவிட்டு அவர் தண்ணீரில் இறங்கினார். வேறொரு கல்யாணத்துக்கு வாசிக்க வந்திருந்த தவில்காரன் மூக்கன், தவில் அடிக்க விரலில் மாட்டும் கூட்டோடு அங்கே நின்றிருந்தான். தன் அடி பந்தலைத் தாண்டாது என்ற பொறாமை அவனுக்கு ரொம்ப நாளாக உண்டு. நான் புடவையைப் பிழிந்து நிமிர்வதற்குள் தவிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பரிசலில் ஏறித் துடுப்புப் போட ஆரம்பித்துவிட்டான்.

"ஐயோ, எங்க தவுலு!" என்று அலறினேன். என் வீட்டுக்காரர் தலையெல்லாம் சீயக்காயோடு திகைத்து நின்றார். காவிரியில் இரு கரையும் தொட்டு வெள்ளம். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. அந்தத் தவில் போனால் எங்கள் பிழைப்பே போச்சு. படித்துறையில் இருந்த ஆண்பிள்ளைகள் "பிடி, பிடி" என்றார்களே தவிர ஒருத்தரும் இறங்கவில்லை. வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை!

அமிர்தம் மேல்படிக்கு ஓடினாள். ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினாள்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்று, அந்தக் குரலைக் கேட்டதும் வெளுத்துக் கட்டிப் பழகியவை தவில்காரன் கைகள். தூக்கத்தில்கூட நிற்காது. மூக்கன் துடுப்பை நழுவவிட்டு டமடமவென்று அடித்தான். ஆள் அப்படியே மேலே எழும்பினான். பரிசல் தன் பாட்டுக்குப் போய்விட்டது.

"நிறுத்தினா விழுந்துடுவேன்! எனக்கு நீச்சல் தெரியாது!" என்று மேலிருந்து கத்தினான்.

"தவுலு யாருதுங்க மாமா?" என்று கேட்டாள் அமிர்தம்.

"உங்கப்பாதும்மா!"

"மலைக்கோட்டைக்குக் கேக்கலீங்களே!"

"பெரியண்ணன் தவுலு! பெரியண்ணன் தவுலு!"

காற்று அவனைக் கரைப் பக்கமே தள்ளியது. அமிர்தம் விரலை மெல்ல மெல்ல ஆட்டினாள். அவன் கையும் மெல்லத் தணிந்தது. பொத்தென்று படியில் உட்கார்ந்தவனை, அப்பாவின் கயிற்றாலேயே மண்டபத்துத் தூணோடு சேர்த்துக் கட்டினாள். அவள் போட்ட முடிச்சு, அவிழுமா?

அவசரமாகக் கல்யாண வீட்டுக்கு ஓடினோம். பெண்ணின் அப்பா ரெங்கராஜ் விரலைத் தூக்கப் போனார். கயிறு தூணோடு போய்விட்டதே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"மன்னிக்கணுங்க. இன்னிக்கு எம்பொண்ணு விரலுக்குத்தான் அடிப்பேன்."

"கயிறு இல்லையேங்க!" என்றேன் நான்.

"அவ இருக்கால்ல," என்றார்.

அமிர்தம் விரலைத் தூக்கினாள். மாப்பிள்ளை தாலி கட்டினார். என் வீட்டுக்காரர் பந்தல் கூரை வரைக்கும் எழும்பினார். ஒரு தடவைகூட அவர் தரையைப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க மகளின் விரலிலேயே இருந்தது. "யாரு பொண்ணு இது?" என்று பந்தலில் யாரோ கேட்டார்கள்.

"என் பொண்ணு!" என்று கெட்டிமேளத்துக்கும் மேலே கேட்கும்படி சொன்னேன்.