இல்லாத புத்தகங்களின் அலமாரி

காலையில் தரையைத் துடைத்துவிட்டு, ஈரம் காயும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது என்று துப்புரவுக்கார அம்மாள் வாளியை வாசலில் குறுக்கே வைத்துவிட்டுப் போவாள். அந்தக் கொஞ்ச நேரம் நூலகம் முழுவதும் நூலகருக்கே சொந்தம். உயரத்து ஜன்னல்களிலிருந்து சாய்வாக இறங்கும் வெளிச்சம் வரலாற்று அலமாரியைத் தொட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் சமையல் புத்தகங்களின் பக்கம் நகரும். தன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிச்சமும் ஏதோ ஒரு புத்தகத்தைத் தேடுகிறது என்று தோன்றும்.

"உன்ன மாதிரி நானும் வேலைல கனவு கண்டா, பாதிப்பேரு ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கிட்டிருப்பாங்க" என்பார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் சிரித்துக்கொள்வாள். கனவு காண்பது தன் வேலையில் ஒரு குறை என்று அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை.

இல்லாத புத்தகங்கள் வரத் தொடங்கியது போன மழைக்காலத்தில். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"மேடம், 'மீன்கள் உறங்கும் நேரம்'னு ஒரு புத்தகம் இருக்குமா?"

அவள் கணினியில் தேடினாள். பிறகு வேறு நூலகங்களின் பட்டியல்களிலும் தேடினாள். எங்கும் இல்லை.

"அப்படி ஒரு புத்தகமே வந்த மாதிரி தெரியலையே சார். யாரு சொன்னது?"

"போன்தான். மீனெல்லாம் எப்ப தூங்கும்னு சும்மா கேட்டேன். அது இந்தப் புத்தகத்தப் படிங்கன்னு சொல்லுச்சு. எழுதினவரு பேரு, வந்த வருஷம், எத்தன பக்கம், எல்லாம் புட்டுப்புட்டு வைக்குது. பொய்யா இருக்குமா?"

"பொய்னு சொல்ல முடியாது சார். கனவு கண்டிருக்கும்."

"மெஷினுமா? அப்ப உங்களுக்குப் போட்டி வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாள் பக்கம் போனார் கார்டு.

அவருக்குப் பின் இன்னும் பலர் வந்தார்கள். 'மொட்டைமாடித் தேனீக்கள்' கேட்டு ஒரு தையல்காரர். 'இடதுகைக்காரர்களின் வீடு' கேட்டு ஒரு புது மாப்பிள்ளை. ஒவ்வொரு முறையும் "இல்லை" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எத்தனை அழகான தலைப்புகள். ஒருவர் தேடி வந்துவிட்ட பிறகு அந்தப் புத்தகத்துக்கு உலகத்தில் ஓர் இடமாவது இருக்க வேண்டாமா? ஜன்னலோரக் கீழ்த்தட்டு ஒன்றை அவள் காலி செய்தாள். அங்கே ஒன்றும் வைக்கவில்லை. வெளிச்சம் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நூலகரின் கை சும்மா இருக்குமா? ஆள் இல்லாத மதிய வேளைகளில் அந்தப் புத்தகங்களைக் கணினிப் பட்டியலில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். தலைப்பு, ஆசிரியர், வகை எண். கூடவே, புத்தகம் எதைப் பற்றியது என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிகளை எழுதும்போதுதான் அவளுக்குப் பேரின்பம். படிக்காத, படிக்கவே முடியாத புத்தகங்களுக்குள் அவள் உலாவிவிட்டு வந்தாள்.

அப்படி ஏறியவற்றில் ஒன்று 'ஊசியில்லாத காலைகள்'. யாரோ ஒரு பெண் தொலைபேசியில் கேட்டுவிட்டு வைத்துவிட்ட தலைப்பு. சர்க்கரை நோயுள்ள குழந்தைகளைப் பற்றியதாம். நூலகர் கண்ணை மூடி யோசித்து எழுதினாள்: 'ஊசி இல்லாமல் விடியும் ஒரு காலை. குழந்தைகளுக்கும் அவர்களின் அம்மாக்களுக்கும்.' எழுதியதும் நெஞ்சு லேசானது. யாருக்கோ ஆறுதல் சொன்ன மாதிரி இருந்தது.

பட்டியலில் எந்தப் புத்தகத்தை ஏற்றினாலும், 'நூலகத்தில் உள்ளது' என்று கணினி தானாகவே ஒரு வரி சேர்த்துவிடும். அந்தப் பட்டியலை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நூலகக் குழு ஏற்பாடு செய்திருந்தது. இரண்டும் அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்து அவள் யோசிக்கவில்லை.

குழுவுக்கு வேறு யோசனைகளும் இருந்தன. குழுத் தலைவர் பெரிய டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வெளியூரில் ஆளே இல்லாத நூலகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், எடுத்த புத்தகத்தை மெஷின் பதிந்துகொள்ளும், சந்தேகம் இருந்தால் திரையில் கேட்கலாம். அதை இங்கேயும் கொண்டுவந்துவிட்டு நூலகர் பதவியை எடுத்துவிடலாமா என்று முடிவெடுக்க ஒரு புதன்கிழமை மாலை குழு கூடுவதாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை காலையில்தான் அந்த அம்மா வந்தாள். கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. வெகுதூரம் பஸ்ஸில் வந்த கசங்கல் இருவரின் உடையிலும் இருந்தது. சிறுமி நேராகப் படப் புத்தகங்களின் பக்கம் போய்விட்டாள்.

"'ஊசியில்லாத காலைகள்' வேணுங்க" என்றாள் அம்மா.

நூலகரின் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன.

"எங்க கேள்விப்பட்டீங்க?"

"போன்ல கேட்டதுக்கு அதான் சொல்லுச்சு. ஊசி போடாமலே பிள்ளைங்களுக்குச் சர்க்கரையக் கட்டுக்குள்ள வைக்கலாம்னு அந்தப் புத்தகத்துல இருக்காம். எங்க வீட்டுக்காரரு நம்பல. மெஷின் ஆயிரம் சொல்லும், நிஜமா அப்படிப் புத்தகம் இருக்கான்னு பாருன்னாரு. தேடினா உங்க லைப்ரரி பேரு வந்துச்சு. இருக்குன்னே போட்டிருக்கு. எதப் பத்தின்னுகூட ரெண்டு வரி போட்டிருக்கு." அவள் குரல் தணிந்தது. "அதப் படிச்சதும் அழுதுட்டேங்க. லைப்ரரில இருந்தா பொய்யா இருக்காதுன்னு அவரும் ஒத்துக்கிட்டாரு."

"பாப்பாவுக்கு இப்ப ஊசி..."

"சாப்பாட்டுக்குச் சாப்பாடு போடணும். அவ உடம்புல இன்சுலின் சுரக்கவே இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னையோட கடைசின்னு பாப்பாகிட்ட சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். நாளைலேருந்து புத்தகத்துல இருக்கிறபடிதான்."

உயரத்து ஜன்னல்கள், அலமாரிகள், அவற்றின் நடுவே முயல் படத்தைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமி. எல்லாம் நூலகருக்குத் தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் தெரிந்தன. இன்சுலின் சுரக்காத குழந்தைக்கு ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள எந்தப் புத்தகமும் தேவையில்லை.

அவள் நாக்கில் ஒரு பதில் தயாராக இருந்தது. 'இரவல் போயிருக்கும்மா.' அவ்வளவுதான். யாரும் குறை சொல்ல முடியாது. மாலையில் குழு கூடும்போது கையும் களவுமாகப் பிடிபட வேண்டியதில்லை. ஆனால் இந்த அம்மா இரவல் போன புத்தகம் திரும்பி வரும் என்று காத்திருப்பாள். இல்லையென்றால் வேறு நூலகம் தேடிப் போவாள். எங்கோ ஒரு தட்டில் அது இருக்கிறது என்று நம்பிக்கொண்டே ஊசியை நிறுத்திவிடுவாள்.

"அந்தப் புத்தகம் இல்லம்மா" என்றாள்.

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல. அது எப்பவுமே இருந்ததில்ல. யாரும் எழுதல. யாரோ போன்ல பேரு சொல்லிக் கேட்டாங்க. கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்ல மனசு வரல. நான்தான் பட்டியல்ல ஏத்தினேன். நீங்க படிச்சு அழுத அந்த ரெண்டு வரியும் நான் எழுதினதுதான்."

அம்மா அவளையே பார்த்தாள். முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு கோபம் வந்தது.

"விளையாட்டுக்கா?"

"ஆமாம்மா. விளையாட்டுக்குத்தான்."

"எங்க வீட்டுக்காரரு மெஷின நம்பலீங்க. உங்களத்தான் நம்பினாரு." அவள் பையைத் தோளில் மாட்டினாள். உடனே மறுபடி இறக்கினாள். "இப்ப இல்லன்னு சொல்றீங்களே, இத மட்டும் நான் எப்படி நம்புறது?"

பள்ளியில், கல்லூரியில், இத்தனை வருட வேலையில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

"நம்பாதீங்க" என்றாள் மெதுவாக. "நாற்காலிய இந்தப் பக்கம் போட்டுக்குங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே பாக்கலாம்."

இருவரும் ஒரே திரையின் முன் உட்கார்ந்தார்கள். எங்கே தேடுகிறோம், அங்கே எழுதுகிறவர்கள் யார், அதைச் சரிபார்க்கிறவர்கள் யார் என்று சொல்லிச் சொல்லி நூலகர் தேடினாள். பிறகு தன்னோடு நூலகப் படிப்புப் படித்த தோழியைத் தொலைபேசியில் அழைத்தாள். தோழிக்கு இப்போது ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை. புத்தகம் ஒன்றுகூட இல்லாத அறையில் உட்கார்ந்து, டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் சரியான தகவலைத் தேடிக் கொடுப்பவள். நடந்ததைக் கேட்டதும் அவள் வாயாரத் திட்டினாள்.

"அறிவிருக்காடி உனக்கு? இங்க வர்ற பாதிப்பேரு இப்படி எதையாவது படிச்சுட்டுத்தான் வர்றாங்க. எது யாரு சொன்னதுன்னு பிரிச்சுக் காட்டத்தான் எங்களுக்குச் சம்பளம். கோர்ட்டுல, பத்திரிகைல எல்லாம் இதுக்கு ஆள் தேடிக்கிட்டிருக்காங்க. நீ என்னடான்னா ஜன்னல் பக்கம் உக்காந்து கதை எழுதிட்டிருக்க."

"அப்புறம் திட்டு. இவங்ககிட்ட பேச யாராவது இருக்காங்களா?"

இருந்தார்கள். சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்கென்றே இருக்கும் நர்ஸ் ஒருவர் அம்மாவிடம் நெடுநேரம் பேசினார். ஊசியை நிறுத்தவே கூடாது என்றார். ஆனால் வலி குறைகிற மாதிரி மெல்லிய, குட்டையான ஊசிகள் இருக்கின்றன, ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும், பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள் என்றார். அம்மா "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இடையில் ஒருமுறை, "இத யாரும் எனக்குச் சொல்லவே இல்லீங்க" என்றாள்.

சிறுமி வந்து அம்மாவின் முழங்காலில் சாய்ந்தாள்.

"புத்தகம் கெடச்சுதாம்மா?"

அம்மா நூலகரைப் பார்த்தாள். நூலகர் குனிந்து சிறுமியின் உயரத்துக்கு வந்தாள்.

"அப்படி ஒரு புத்தகம் இல்லடா கண்ணு. இருக்குன்னு நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அப்ப நாளைக்கும் ஊசியா?"

"ஆமா. நாளைக்கும்."

"தப்பா எழுதினா அழிச்சுட்டு எழுதணும். எங்க மிஸ் சொல்லுவாங்க" என்றாள் சிறுமி.

அவர்கள் போன பிறகு நூலகர் எல்லாவற்றையும் அழித்தாள். மீன்கள் போயின, தேனீக்கள் போயின. ஒவ்வொன்றும் போகும்போது உள்ளே எங்கோ ஒரு விளக்கு அணைவதுபோல் இருந்தது. வலித்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. கனவு பொய்யில்லை, ஆனால் கனவை எந்த இடத்தில் எழுதிவைக்கிறோம் என்பதில் பொய் நுழைந்துவிடுகிறது என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

மாலையில் வாசிப்பறையின் நீள மேசையைச் சுற்றிக் குழு உட்கார்ந்தது. டைல்ஸ் கடைக்காரருக்கு வலப்புறம் பல் டாக்டரம்மா, இடப்புறம் இன்னும் இரண்டு உறுப்பினர்கள். மெஷினின் வண்ணப்படங்கள் மேசை முழுவதும் பரவிக் கிடந்தன. தலைவர் தொண்டையைச் செருமும் முன்பே நூலகர் எழுந்து நின்று காலையில் நடந்ததைச் சொன்னாள். தன் இரண்டு வரியைக்கூட மறைக்கவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப தப்பு கம்ப்யூட்டர்து இல்ல. உங்களுது."

"ஆமா சார்."

"இன்னைக்கு என்ன கூட்டம்னு தெரியுமில்ல? வாயத் தொறக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது மேடம்?"

"யாருக்கும் தெரியாது சார். அதான் பயமா இருந்துச்சு" என்றாள் அவள். "போன்ல இருக்கிற மெஷின் சொன்ன பொய்ய நான் பட்டியல்ல ஏத்தி நம்ப வச்சிட்டேன். அந்த மெஷின் வந்து உங்ககிட்ட ஒத்துக்காது சார். அதுக்குத் தப்புன்னே தெரியாது. புத்தகத்தக் குடுத்து வாங்க மெஷின் போதும், நான் மறுக்கல. ஆனா இது இருக்கு, இது இல்ல, இது எனக்குத் தெரியாது, தேடிச் சொல்றேன்னு சொல்லணும். அந்தச் சொல்லுக்குப் பொறுப்பா நிக்கணும். அந்த வேலைக்கு ஆள்தான் வேணும். இத்தன வருஷமும் அதுதான் என் வேலைன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இனிமே அதச் செய்ய விடுங்க. இல்லன்னா என்னைய அனுப்பிட்டு, அதச் செய்யற வேற ஒருத்தரயாவது வையுங்க."

பல் டாக்டரம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"எனக்கும் ஒருத்தர் வேணும்பா. வர்றவங்க எல்லாம் போன்ல படிச்சுட்டு வந்து எனக்கே பல்லப் பத்திப் பாடம் எடுக்கறாங்க."

சிரிப்பு எழுந்து அடங்கியது. தலைவர் சிரிக்கவில்லை. வண்ணப்படம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் கடைல வாங்கின டைல்ஸ் பேந்துட்டா கஸ்டமர் யார் சட்டையப் பிடிக்கறான்? டைல்ஸ் செஞ்ச மெஷினோட சட்டையவா? என் சட்டையத்தான். அந்தப் பயத்துலதான் நான் நல்ல சரக்கா வாங்கி வைக்கறேன்." படத்தை மேசையில் குப்புற வைத்தார். "மேடம், நீங்க செஞ்சதுக்கு எழுத்துல எச்சரிக்கை உண்டு, அதுல மாத்தமில்ல. மெஷின் வேணும்னா வரட்டும், புத்தகத்த எண்ணட்டும். ஆனா உங்க மேசைய வாசலுக்குக் கொண்டாந்து போடுங்க. போன்ல எதப் படிச்சுட்டு யார் வந்தாலும், நம்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுட்டுப் போகட்டும். எத்தன மெஷின் வந்தாலும், இது நான் சொன்னதுதான்னு ஒத்துக்க ஊருக்கு ஒரு மனுஷராவது வேணும்யா."