கோரினின் ஷிஃப்ட்

‘வாழ்த்துகள் கோரின்!’ என்று கேக்கில் நீல க்ரீமால் கொழுக்க எழுதியிருந்தது. முதியோர் இல்லத்தின் பணியாளர் அறையில் எல்லோரும் காகிதத் தட்டோடு நிற்க, கத்தி மட்டும் வாண்டாவின் கையில். பெயரின் நடுவில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் அதிகமாகவே.

நாற்பது வயதில் கோரின் நர்ஸ் படிப்புக்குப் போகிறாள். அரசாங்க உதவித்தொகை, கையிலிருந்து ஒரு டாலர் இறங்காது.

அதே படிப்புக்கு வாண்டாவும்தான் விண்ணப்பித்தாள். பணம் சேர்க்கவென்று ஓடி ஓடி உழைத்தவள். கோரினுக்கு முதுகு வலியா, கோரின் மகளுக்குக் கூடைப்பந்து ஆட்டமா, அந்த ஷிஃப்டையும் வாங்கிக்கொண்டாள். உதவித்தொகை ஆபீஸோ வருமான வரிக் கணக்கைத்தான் பார்த்தது. ஓவர்டைம் அவளை வருமான வரம்புக்கு மேலே தூக்கி உட்கார வைத்துவிட்டது; லீவு போட்ட கோரின் வரம்புக்குள்ளேயே இருந்தாள். சேர்த்த பணத்தைக் கார் எஞ்சின் ரிப்பேர் தின்றது. கடன் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இருபது வயதில் பாதியில் விட்ட படிப்பின் கடனையே போன வருடம்தான் அடைத்திருந்தாள்.

கோரின் வராத நாட்களுக்குக் கோரினுக்குப் படிப்பு. அந்த நாட்களில் வேலை பார்த்தவளுக்குக் கேக் வெட்டும் பாக்கியம்.

மற்றவர்கள் கலைந்ததும் கோரின் ஒட்டி வந்து நின்றாள்.

“செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் கிளாஸ்டி. ஆள் போட்டுட்டுப் போ, இல்லேன்னா போகாதேங்கறா மேனேஜர்.”

“அதுக்குத்தான் க்ரீம் ரோஜா வச்ச கேக் துண்ட எனக்கு எடுத்து வச்சியா?”

கோரின் சிரித்தாள். வாண்டா சிரிக்கவில்லை என்று புரிய ஒரு நொடி ஆயிற்று.

“வேற யார்கிட்ட கேப்பேன்? நீதான எப்பவும் எடுத்துப்ப.”

“ஆமா. எடுத்துக்கிட்டேன். அதனாலதான் நான் இங்க நிக்கிறேன்.”

கோரினின் முகம் மெல்ல வெளிறியது. அந்தக் கணக்கு இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

வாண்டா சுவரில் இருந்த ஷிஃப்ட் பலகைக்குப் போனாள். ஓவர்டைமே வேண்டாமென்று இருந்தால் ஒருநாள் அவளுக்கும் உதவித்தொகை கிடைக்கலாம். அதுவரை வாடகை? ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் கோரினின் படிப்பு இந்த அறையோடு முடிந்தது. அந்த நினைப்பு இனித்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

செவ்வாய்க் கட்டத்தில் கோரின் என்ற பெயரைக் கட்டைவிரலால் அழித்தாள். விரலில் ஒட்டியிருந்த க்ரீம் அந்த இடத்தில் நீலமாக இழுபட்டது. தன் பெயரை எழுத மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றினாள். பின்னால் தட்டுச் சத்தம் நின்றுபோனது.

மார்க்கரின் முனை, பலகையைத் தொடாமல், காய்ந்துகொண்டிருந்தது.