விளக்கு ஏற்றிய தோல்

வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் செஞ்சியில் துர்க்கை சன்னதிக்கு முன்னால் நிற்க இடம் கிடைக்காது. பெண்கள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தோலைத் திருப்பி, எண்ணெய் ஊற்றி விளக்கேற்றுவார்கள். மறுநாள் அந்தத் தோலெல்லாம் மூட்டையாகக் குப்பைக்குப் போகும். போன ஆடியில் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? பழத்தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் மூன்று மாதம் ஊறப்போட்டு, பூந்திக்கொட்டை வேகவைத்த தண்ணீரைக் கலந்து, பாத்திரம் துலக்கும் திரவம் செய்கிறவள் நான். பெயர் மகாலட்சுமி, படித்தது வேதியியல். கோட்டைக்குப் போகிற வழியில் ஜூஸ் கடை வைத்திருக்கும் தாண்டவராயன் அண்ணன் தருகிற தோல், நாலு வீட்டுக்குத்தான் காணும். நான் குறி வைத்திருந்ததோ கல்யாண மண்டபத்துக்கு.

அங்கே பாத்திரம் துலக்குகிறவர் ஜெயக்கொடி அக்கா. மண்டபத்தில் போடும் சோடாக் காரப் பவுடரில் இருபது வருஷமாகக் கையை விட்டு, விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். குழம்பு பட்டால் எரிகிறதென்று ஸ்பூனில் சாப்பிடுவார். மருதாணி வைத்துப் பல வருஷம் ஆகிறதென்று சிரித்துக்கொண்டே சொல்வார். கழுவின தண்ணீர் நுரை நுரையாகப் பின்பக்க வாய்க்காலில் போகும். அதன் கரையில் புல்கூட முளைப்பதில்லை.

அக்கா வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்துப் பார்த்தேன். பத்தாம் நாள் தேடிக்கொண்டு வந்தார்.

"வூட்ல தேய்க்கும்போது கை எரியல கண்ணு. மண்டபத்துக்கும் இத்தையே போடச் சொல்லேன்."

மேனேஜர் தனசேகரன் சாரிடம் நடையாய் நடந்தேன். ஒருவழியாக இறங்கி வந்தார். "ஐப்பசில ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் பாக்கலாம்மா. அண்டா பளிச்சுனு வரலைன்னா இந்தப் பேச்சை அத்தோட வுட்ரணும்."

அவர் தலையாட்டிய அதே வாரத்தில்தான் கோயில் தோல் என் கண்ணில் பட்டது. தெய்வமே வழிகாட்டிவிட்டது என்று மூன்று மூட்டையை அள்ளிவந்து டிரம்மில் ஊறப்போட்டேன். ஊற ஊற விளக்கு வாசம் அடித்தது. கோயில் மணம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பட்டம் வாங்கிய மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

கல்யாணத்தன்று காலையில் இரண்டு கேன்களை இறக்கிவிட்டு, பக்கத்து ஊரான வல்லத்தில் ஒரு வேலை இருந்ததால் போய்விட்டேன். மதியம் திரும்பினபோது தனசேகரன் சார் அண்டாவுக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லியே! பளபளன்னு இருக்குது. இனிமே பவுடர் வேணாம், உன்னுதே போடலாம்."

தலைகால் புரியவில்லை எனக்கு. அக்காவுக்கு நன்றி சொல்லப் பின்பக்கம் ஓடினேன். அவர் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். மூலையில் என் கேன்கள் அப்படியே இருந்தன. ஒன்றில்தான் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது.

"இன்னாக்கா, தொடவே இல்லியா?"

"மெதுவா பேசு. உன் தண்ணில எண்ணெ மிதக்குது. ஊத்தி ஊத்தித் தேய்ச்சா அண்டா இன்னும் வழுக்குது. அடுப்புச் சாம்பலப் போட்டுத் தேய்ச்சிட்டேன். அவருகிட்ட சொல்லாத."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கு எரிந்த தோல், எண்ணெயில் ஊறின தோல். பிசுக்கை எடுக்கும் திரவத்துக்குள் எண்ணெயை நானே கொட்டியிருக்கிறேன்.

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வெடிப்புக்குள் சாம்பல் ஏறி, ஓரமெல்லாம் ரத்தம் கசிந்திருந்தது.

"ஏங்க்கா இப்படி?"

"உன்னுது தோத்துட்டா திரும்பவும் அந்தப் பவுடர்தானே வரும்?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் மண்டபம் என் கைக்கு வந்துவிடும். ஆனால் வேறு தோல் ஊற இன்னும் மூன்று மாதம் வேண்டும். அதுவரை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அக்கா திருட்டுத்தனமாகச் சாம்பலில் கை வைக்க வேண்டும். அவர் இழுக்க இழுக்க நிற்காமல் நேரே ஆபீசுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் கேட்ட தனசேகரன் சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "சாமிக்கு ஏத்துன வெளக்கையா ஊறப்போட்ட? நீ இன்னாம்மா படிச்ச?"

"கெமிஸ்ட்ரி சார்."

மனிதர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். "தை பொறக்கட்டும். இன்னொரு தபா பாப்போம்" என்றார். அதுவரை பவுடரைப் போடக் கூடாது என்று மல்லுக்கு நின்றேன். வெறும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துலக்க நேரம் கூடுதலாகும். அதற்காகக் கார்த்திகை முடியும்வரை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நானும் தேங்காய் நாரோடு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் நாளே இடுப்பு கழன்றது. இருபது வருஷம் எப்படித்தான் உட்கார்ந்தாரோ!

விஷயம் கேள்விப்பட்ட தாண்டவராயன் அண்ணன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற ஜூஸ் கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லி, எனக்குத் தோல் சேர்த்துக் கொடுத்தார். சுத்தமான தோல், ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது.

தை முதல் முகூர்த்தம். பொங்கல் அண்டாவின் நெய்ப் பிசுக்கு ஒரே தேய்ப்பில் போனது. தனசேகரன் சார் விரலை விட்டுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பவுடர் மூட்டை வைக்கிற இடத்தைக் காட்டி, என் கேன்களை அங்கே வைக்கச் சொன்னார்.

மாசியில் ஒருநாள் கேன் கொண்டுபோனபோது அக்கா இரண்டு கையையும் விரித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை நிறைய ஈர மருதாணி.

"கல்யாணப் பொண்ணுக்கு வெச்சிக்கினு இருந்தாங்க. நானும் நீட்டினேன். எரியவே இல்ல."

அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

"எனக்கு எதுக்குடி நன்றி? கைய வுடு, மருதாணி கலைஞ்சிடப் போவுது."