முதுகுப்பையில் ஓர் ஆரஞ்சு

போர்ச்சுகலிலிருந்து நார்வேக்கு மீன் ஆலை வேலைக்கு வந்த ஒடெட்டுக்கு அதுதான் முதல் பனிக்காலம். ஞாயிறுதோறும் ஆலைத் தோழி சிக்ருன் அவளைப் பனிச்சறுக்குக்கு இழுத்துப் போவாள். காட்டுக்குள் இருக்கும் மரக்குடில்வரை சறுக்கிப்போய், அங்கே உட்கார்ந்து ஆளுக்கொரு ஆரஞ்சு உரித்துத் தின்பார்கள். ஒடெட்டோ வழியெல்லாம் மல்லாக்க விழுவாள். முதுகுப்பையில் இருக்கும் ஆரஞ்சு கூழாகிவிடும்.

"என்னடி, ஜூஸ் ரெடியா?" என்று குவளையை நீட்டுவாள் சிக்ருன். குடிலே சிரிக்கும்.

"உன் வாயில பனிய அள்ளிப் போட!" என்று திட்டிக்கொண்டே ஒடெட் பிழிந்து ஊற்றுவாள்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. குடிலுக்கு முன்னால் இருக்கும் அந்தப் பாழாய்ப்போன இறக்கத்தில், முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒடெட் இறங்கினாள். வாசலில் வந்து நின்ற பிறகுதான் மூச்சே வந்தது. சிக்ருன் குவளையோடு காத்திருந்தாள்.

ஒடெட் பைக்குள் கைவிட்டாள். ஈரமே இல்லை. ஆரஞ்சு குளிர்ந்து, உருண்டையாக, முழுசாகக் கைக்கு வந்தது.

"அடிப்பாவி! அப்ப என் ஜூஸ்?" என்றாள் சிக்ருன்.

ஒடெட் நிதானமாகத் தோலில் நகத்தை வைத்தாள்.

"வேணும்னா நீ போய் விழுந்துட்டு வா."