எல்லோருக்கும் பக்கத்தில்

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் எல்லோருக்கும் பக்கத்தில் இருக்கிறேன்.

திருப்பூரில் யார் வீட்டு மாடி ஒழுகினாலும் போனை எடுத்து, பக்கத்தில் வாட்டர் புரூஃபிங் என்று தேடுகிறார்கள். தேடி முடிப்பதற்குள் நான் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். கையில் பிரஷும் கெமிக்கல் வாளியும் இருக்கும். நடந்து போனதாகவோ வண்டியில் போனதாகவோ நினைவில்லை.

முதல் ஆள் அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்கடைக்காரர். திரும்பிப் பார்த்து அலறினார்.

"இத்தன பக்கமாங்க?"

"ஆமாங்க."

"கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லுங்க."

தள்ளி நிற்கப் பார்த்தேன். கால் வரவில்லை. வேலை முடியும்வரை அவர் தோளில் என் மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஐந்து ஸ்டார் போட்டார்.

இதை ஏற்பாடு செய்தவள் பெனிட்டா. என்னைப் போன்ற சின்ன காண்ட்ராக்டர்களைத் தேடலில் மேலே கொண்டுவருவது அவள் தொழில். யார் எங்கே தேடினாலும் கிங் வாட்டர் புரூஃபிங்தான் முதலில் வந்தது. நான் எங்கோ அடியில் கிடந்தேன். ஒரு வேலையும் வரவில்லை. அதனால்தான் அவளிடம் போனேன்.

"எவ்ளோ பக்கத்துல இருக்கணும் சார்?" என்று கேட்டாள்.

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ," என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தேடல் கொஞ்சம் ஓய்ந்தது. வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவில் முதலில் டெய்லர் வீடு, அடுத்து எங்கள் வீடு, அதற்கடுத்து மாவு மில். அன்று டெய்லர் வீட்டுச் சுவரும் மாவு மில் சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் விரல் நுழைய இடமில்லை. டெய்லர் வாசலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"என் வீடு எங்கீங்க?"

"எந்த வீடு?"

"இங்கதானுங்க இருந்துச்சு."

அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து இரண்டு சுவர்களுக்கும் நடுவே பொறுமையாக அளந்தார்.

"சைபருங்க," என்றார்.

சுவருக்குள்ளிருந்து குக்கர் விசில் கேட்டது. எங்கள் குக்கர்தான், எனக்குத் தெரியும். காதை வைத்துக் கேட்டேன். என் மகள் மிதுனா வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சுவரைத் தட்டக் கையை ஓங்கினேன். அதற்குள் பெருமாநல்லூரில் யாரோ என்னைத் தேடிவிட்டார்கள்.

மறுநாள் பெனிட்டா தேடினாள். நான் எத்தனையாவதாக வருகிறேன் என்று அவள் அவ்வப்போது தேடிப் பார்ப்பது வழக்கம். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"இப்ப நீங்கதான் ஃபர்ஸ்ட்டு," என்றாள், திரும்பாமலே.

"என் வீட்டக் காணோங்க."

"உங்க விலாசத்த நான்தான் மறைச்சு வச்சேன். ஒரு எடத்துல வீடு இருந்தா அங்க மட்டும்தான் சார் பக்கம். மத்த எடமெல்லாம் தூரமாயிடும்."

"திரும்பப் போடுங்க."

"போட்டா கிங் மேல வந்துடுவாரு."

"வரட்டும்."

"வந்து நிக்கறாரு, பாருங்க."

மூலையைக் காட்டினாள். அங்கே ஒருவர் கையில் வாளியோடு, சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவர் சட்டை பல நாள் துவைக்காத சட்டை.

"நான் வீட்டுக்கு எப்படீங்க போறது?"

"வீட்ல யாராவது உங்களத் தேடணும்."

"எம்பொண்ணு தேடுவாளே. நானில்லீனா அவ தூங்கவே மாட்டா."

"அந்தத் தேடறது செல்லாது சார். போன்ல தேடணும்."

"தேடுனா இருக்கலாமா?"

"வேலை முடியற வரைக்கும் இருக்கலாம்."

என் வீட்டு மாடி ஒழுகாது. நானே பார்த்துப் பார்த்துக் கெமிக்கல் அடித்த மாடி. ஊரில் இருக்கிற மாடிகளிலெல்லாம் நின்று எங்கள் தெருப்பக்கம் மேகம் போகிறதா என்று பார்த்தேன். தன் வீடு ஒழுக வேண்டும் என்று சாமி கும்பிட்ட காண்ட்ராக்டர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேய்மழை பிடித்தது. கண்ணை மூடித் திறந்தேன். எதிரே எங்கள் வீட்டுக் காலண்டர் தொங்கியது. அதற்கு முன்னால் என் மனைவி கலாமணியின் முதுகு.

"கலாமணி, நான்தான்," என்றேன்.

அவள் திரும்பினாள். அலறவில்லை.

"ஆமாங்ண்ணா, நீங்கதான் மொதல்ல வந்தீங்க," என்று போனைக் காட்டினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அண்ணா என்றாள்.

ஒழுகியது மிதுனாவின் கட்டிலுக்கு நேர் மேலே. கட்டிலை நகர்த்தினோம். ஒழுகலும் கூடவே நகர்ந்து வந்து அவள் நெற்றியில் சொட்டியது.

"புள்ளைக்குக் காச்சலுங்ண்ணா. அவங்கப்பாவத் தேடுது."

"அவரு எங்க?"

"இங்கதான், பக்கத்துல எங்கியோ வேலையா இருக்காரு."

ஸ்டூல் போட்டு ஏறினேன். விரிசலில் ஒரு பிரஷ் அடித்துவிட்டு, காயட்டும் என்று கட்டிலோரம் உட்கார்ந்தேன். காய்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையை முடிக்காமலே என் ஆயுள் முழுக்க இழுக்கலாம் என்று தோன்றியது. மிதுனா தூக்கக் கலக்கத்தில் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு அவள் இமையில் விழுந்தது.

"அங்கிள், நனையுது," என்றாள்.

அவள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நான் எழுந்து விரிசலை அடைத்தேன். சொட்டு நின்றது.

கலாமணி அண்ணாந்து பார்த்தாள்.

"எத்தன வருசம் கேரண்டிங்ண்ணா?"

அடுத்த மழை வரைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கட்டைவிரல் போன் மேல் இருந்தது. விரலுக்குக் கீழே அடுத்த பெயராகக் கிங் இருந்தார். வாசலில், திரைக்கு அந்தப் பக்கம், யாரோ வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"பத்து வருசம்," என்றேன்.

"அப்பாடா," என்று கலாமணி போனைக் கீழே வைத்தாள். "இனிப் பத்து வருசத்துக்கு உங்களத் தேடவே வேண்டாம்."

வீரபாண்டியில் ஒருவர் திரும்பிப் பார்த்து அலறினார். என் சட்டை நுனியில் காய்ச்சல் சூடு இன்னும் இருந்தது.