முதல் ஜீப் ஏறாத காலை

முனீஸ்வரி கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. பக்கத்தில் புருஷனைக் காணோம். யாரும் எழுப்பாமல் ராஜ்கமல் தானாக எழுந்ததாக அந்த வீட்டில் சரித்திரமே கிடையாது. சர்க்கரை வந்தாலும் வந்தது, மனுசனுக்குச் சுறுசுறுப்பும் சேர்ந்து வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே கொண்டையை முடிந்து கதவைத் திறந்தாள்.

எதிர்வீட்டு மொக்கம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து நிதானமாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். மொக்கம்மாள் மலைக்கு மேலே கேரளா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். இருட்டிலேயே தூக்குவாளியும் கையுமாக ஜீப் ஏறிவிடுகிற பொம்பளை வெளிச்சத்தில் காபி குடிப்பதைப் பார்க்கவே என்னவோபோல இருந்தது.

“என்ன மதினி, சோலிக்குப் போகலையா?”

“எங்கிட்டுப் போறது? கேரளாவுல ஹர்த்தாலாம்ல. ராத்திரிதான் சொன்னாய்ங்க. ஒரு ஜீப்புகூட மேல ஏறல. நல்லாத் தூங்கி எந்திரிச்சேன்.”

“ஒண்ணுகூட ஏறலையா?”

“ஏறுனா நான் ஏன் இங்கன குத்தவச்சிருக்கேன்? உங்க வீட்டுக்காரரு இப்பத்தான் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போனாரு. இன்னைக்கு நான்தான் முதல்ல எந்திரிச்சேன், எம்பொண்டாட்டி தூங்குறான்னு ஒரே பெருமை.”

முனீஸ்வரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொக்கம்மாள் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், அது எதுவும் காதில் ஏறவில்லை.

ஜீப் ஏறாததற்கு ஒருத்திக்கு உயிர் போகிற பயம் ஏன் வர வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மலைச்சாரல் நகர் போடியிலிருந்து முந்தல் போகிற ரோட்டில் முளைத்த குடியிருப்பு. பிளாட் போட்டு விற்றவர்கள் மலையையும் சாரலையும் பேரில் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். பூங்காவுக்கென்று ஒரு மூலையைக் கைகாட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பூங்காவில் துருப்பிடித்த ஊஞ்சல் கம்பமும் இடுப்பளவுக்குப் பார்த்தீனியமும்தான் இருந்தன. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் அதைத் துப்புரவு செய்து பெஞ்சு போட்டார்கள். அதோடு விடாமல், பூங்காவின் பின்பக்கமிருந்து ஓடைக்கரையோடு தடுப்பணை வரைக்கும் முள்ளை வெட்டி ஒரு நடைபாதையும் எடுத்தார்கள். ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பாதை. மலை முழுசாகக் கண்ணுக்கு முன்னால் நிற்கும், காற்று ஏலக்காய் வாசனையோடு இறங்கும் என்று ஆளாளுக்குக் கவிதை பேசினார்கள். ஏலக்காய் வாசனை டவுன் குடோன்களிலிருந்து வருகிறது என்று சொன்னால் கோபம் வரும்.

அந்தப் பாதையை ஒட்டித்தான் கன்னையனின் தோட்டம். கன்னையன் முனீஸ்வரிக்குக் கூடப்பிறந்த தம்பி. தென்னை, நடுவில் வாழை, ஓடைப் பக்கமாக மக்காச்சோளம். சோளத்தைப் போட்டதிலிருந்து காட்டுப்பன்றி கூட்டம் கூட்டமாக இறங்கியது. தகரம் தட்டினான், வெடி போட்டான், ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒற்றைக் கம்பி இழுத்து, இருட்டியதும் மோட்டார் ரூமிலிருந்து நேராக அதில் கரண்டைக் கொடுத்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டான். சுள்ளென்று இழுத்து விடுகிற சோலார் வேலி கிடையாது. தொட்டால் ஆள் காலி. வெளியே தெரிந்தால் ஜெயில்தான்.

ஒருநாள் சாயங்காலம் மீன்குழம்பு கொண்டுபோன இடத்தில் முனீஸ்வரி அதைக் கண்ணால் பார்த்தாள். வாளியைத் தரையில் வைத்துவிட்டு அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

“எடுபட்ட பயலே, எம்புருசன் தினம் நடக்குற பாதைடா அது!”

“யக்கா, கத்தாத. மச்சான் நடக்குறது எனக்குத் தெரியாதா? காலைல முத ஜீப்பு முனிக்கு ஹாரன் அடிக்கும்ல, அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சு ஆஃப் பண்ணிட்டுத்தான் மறுசோலி. வெளிச்சம் வந்துட்டா அது வெறும் கம்பிதான். சோளம் அறுத்ததும் அவுத்துருவேன். யார்ட்டயும் சொல்லிராத, கேசாயிரும்.”

மலை ஏறுகிற வளைவில் ஒரு முனி இருக்கிறது. எந்த டிரைவரும் முனிக்கு நீளமாக ஒரு ஹாரன் கொடுக்காமல் அந்த வளைவைத் தாண்ட மாட்டான். கூலியாட்களை ஏற்றிக்கொண்டு இருட்டில் போகிற முதல் ஜீப்பின் ஹாரன் கன்னையன் தோட்டத்துக்கும் கேட்கும், மலைச்சாரல் நகருக்கும் கேட்கும். தம்பி சொன்னதை நம்பி முனீஸ்வரி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்த ஹாரன் கேட்டு, காபி போட்டு முடித்த பிறகுதான் புருஷனை உலுக்கி எழுப்புவாள். முன்னால் விடவே மாட்டாள். ராஜ்கமலுக்கு இது எதுவும் தெரியாது. கம்பி கட்டி இரண்டு மாசம் ஆகவில்லை, அதற்குள் ஹர்த்தால் எதுவும் வரவுமில்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று அக்காவுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை.

போன மழையில் ஓடைக்கரை ஓரிடத்தில் சரிந்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் நடக்கிறவர்கள் கன்னையனின் கம்பியைத் தாண்டி, தோட்டத்து மூலைக்குள் நாலு எட்டு வைத்து, மறுபடி கம்பியைத் தாண்டிப் பாதைக்கு வருவார்கள். தாண்டும்போது ராஜ்கமல் வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மறுகையால் கம்பியைக் கீழே அமுக்குவார். முனீஸ்வரியே பார்த்திருக்கிறாள்.

அவள் உள்ளே ஓடிப் போனை எடுத்துப் புருஷனுக்கு அடித்தாள். டி.வி. பக்கத்திலேயே மணி அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். தம்பிக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பூங்காவைத் தாண்டினால் டவர் கிடையாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியும் இன்னொரு தடவை அடித்தாள்.

காலண்டர் ஓரத்தில் லைன்மேன் நம்பர் எழுதியிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பக்கத்து லைனையே நிறுத்திவிடுவார்கள். நம்பரை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி போனது. யார் தோட்டம், எதற்காக நிறுத்த வேண்டும் என்று கேட்பான். சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் தம்பி ஸ்டேஷனில் இருப்பான். அவன் பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம். ஓடினால் பிடித்துவிடலாம், இப்போதுதானே போயிருக்கிறார் என்று மனசு சொன்னது. அவள் போனைக் கட் பண்ணிவிட்டு ஓடினாள்.

செருப்புப் போடவில்லை. பூங்காவுக்குள் நுழைந்து பெஞ்சுகளுக்கு நடுவே ஓடினாள். காலை உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த கலையரசி டீச்சர் கையைத் தலைக்குமேல் தூக்கினபடியே, “என்ன முனீஸ்வரி, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று சிரித்தாள். முனீஸ்வரி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

பாதை ஏற்றம். கார்த்திகைப் பனியில் புல்லெல்லாம் நனைந்து கிடந்தது. ஈரத்தில் கரண்ட் இன்னும் மோசமாகப் பிடிக்கும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது. வெள்ளையடித்த கற்களைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. நடைபாதை கேட்குதாம் நடைபாதை, மொட்டை மாடியில் நடந்தால் சர்க்கரை இறங்காதா? நான்தானே போங்க போங்கன்னு விரட்டினேன். முனியப்பா, அந்த மனுசன் கையைக் கம்பியில் வைக்க விட்டுவிடாதே. சேவல் அறுக்கிறேன், கிடா வெட்டுகிறேன். வேண்டிக்கொண்டே ஓடினாள். கருவேல முள் உள்ளங்காலில் ஏறியது. அதை எடுக்க நிற்கவில்லை.

ஓடை திரும்புகிற இடத்தில் குரல் கேட்டது. உயிரோடு பேசுகிற குரல். தினம் கூட நடக்கிற சவுகத் அலி பாய் ஏலக்காய் விலையைப் பற்றி என்னவோ சொல்ல, பின்னால் வந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் விஜயகுமார் ஆமா போட்டுக்கொண்டிருந்தார். ராஜ்கமல் எல்லோருக்கும் முன்னால், சரிந்த கரைக்குப் பக்கத்தில் நின்றார். வேட்டியை ஒரு கையால் தூக்கிவிட்டார். மறுகையை நீட்டிக்கொண்டு குனிந்தார்.

“ஏங்க!”

அந்தக் குரல் தன்னுடையது என்றே அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

“தொடாதீங்க! கம்பில கரண்டு ஓடுது! பின்னாடி வாங்க, பின்னாடி வாங்க!”

ராஜ்கமலின் கை கம்பிக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. அவர் கம்பியைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது. கையை இழுத்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் வைத்தார். அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

முனீஸ்வரி ஓடிவந்து அவர் தோளை, தலையை, கையை எல்லாம் தடவிப் பார்த்தாள். சுடச்சுட இருந்தது உடம்பு. “ஒண்ணும் இல்லைல? தொடலைல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“யா அல்லா,” என்றார் சவுகத் அலி பாய். “நான் முன்னாடி போறேன்னேன். இவருதான் இன்னைக்கு நான்தான் லீடருன்னு சொல்லி ஏறுனாரு.”

உயிர் திரும்பியதும் முனீஸ்வரிக்குக் கோபமும் திரும்பியது. எழுந்து, தோட்டத்துக்குள் மோட்டார் ரூமைப் பார்த்துக் கத்தினாள்.

“டேய் கன்னையா! எந்திரிடா! விடிஞ்சிருச்சுடா, ஆஃப் பண்ணுடா!”

ஒரு சத்தமும் இல்லை. மறுபடி கத்தினாள். சவுகத் அலி பாயும் கத்தினார். விஜயகுமார் கையைத் தட்டினார். ராத்திரியெல்லாம் பன்றிக்கு முழித்துக் கிடந்தவன் ஹாரன் கேட்காத தூக்கத்தில் கிடந்தான் போல. நாலாவது தடவைக்கு மோட்டார் ரூம் கதவு படாரென்று திறந்தது. கன்னையன் லுங்கியும் பனியனுமாக வெளியே வந்து நின்றான். வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினான்.

அவன் கண்ணில் பட்டது, கையை விரித்துக் கதறுகிற அக்காவும், தரையில் கிடக்கிற மச்சானும். அவ்வளவுதான்.

“மச்சானுக்கு என்னாச்சுக்கா?” என்று கூவிக்கொண்டே வாழைக்குள் புகுந்து ஓடிவந்தான்.

“வராதடா! ஆஃப் பண்ணு! ரூமுக்குப் போ!”

அவளோடு சேர்ந்து மற்றவர்களும் கத்தினார்கள். ஒருத்தர் நில்லு என்றார், ஒருத்தர் கம்பி என்றார், ராஜ்கமலும் தரையிலிருந்து மாப்ளே மாப்ளே என்று கையை ஆட்டினார். நாலு பேர் சத்தம் ஒன்றாகிப் போனதில் எதுவும் விளங்கியிருக்காது. மச்சான் கையாட்டிக் கூப்பிடுகிறார் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். இன்னும் வேகமாக வந்தான்.

வெளிச்சத்தில் அது வெறும் கம்பி. கட்டின நாளிலிருந்து பகலில் நூறு தடவை அதை அமுக்கித் தாண்டியிருக்கிறான். ஓடிவந்த வேகத்தில் இடது கையால் கம்பியைப் பிடித்து அமுக்கினான், காலைத் தூக்கினான்.

கால் அந்தரத்திலேயே நின்றது. உடம்பு விறைத்தது. தொண்டையிலிருந்து ஒரு மாதிரி சத்தம் வந்தது. விரல்கள் கம்பியைச் சுற்றி இறுகிக்கொண்டன. அவன் கண் திறந்தபடி அக்காவையே பார்த்திருந்தது.

சவுகத் அலி பாய் காய்ந்த கம்பு ஒன்றைத் தேடி ஓடைப் பக்கம் ஓடினார். கிடந்ததெல்லாம் பனியில் ஊறிக் கிடந்தது. விஜயகுமார் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூங்காவைப் பார்த்து ஓடினார். மோட்டார் ரூம் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது, கம்பியைத் தாண்டிப் போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ராஜ்கமல் எழுந்து மச்சினனை இழுக்கக் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தார். முனீஸ்வரி பின்னாலிருந்து அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவர் திமிறினார். அவள் விடவில்லை. இரண்டு பேரும் புல்லில் விழுந்தார்கள்.

“விடுடி! உன் தம்பிடி அவன்! விடு, நான் இழுத்துர்றேன்!”

“தொடாதீங்க,” என்றாள் முனீஸ்வரி. “தொடாதீங்க, தொடாதீங்க.”

அவர் அவளை அடித்தார், கையைப் பிறாண்டினார். அவள் முகத்தை அவர் முதுகில் புதைத்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.