மூன்று குப்பிகளும் பீராவின் மூக்கும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இராசில்தா சாப்பாட்டு மேசையின் மேல் மூன்று சாம்பிள் குப்பிகளை வரிசையாக வைத்துவிட்டு முறைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி புதிதாக இறக்கியிருக்கும் மூன்று சென்ட்டுகள். ஆர்டர் எடுப்பது பன்னிரண்டு மணியோடு முடிந்துவிடும். அதற்குள் மூன்றையும் மோந்து பார்த்து, தனக்குப் பட்டதை வாய்ஸ் மெசேஜில் தன் வாடிக்கைப் பெண்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. மோப்பதில்தான் தகராறு. ஏழு மாதம் முன்னால் வந்த பாழாய்ப்போன காய்ச்சல் போகும்போது அவள் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

கேட்லாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்ட் விற்கிறவர்கள் பெலேன் நகரத்தில் தெருவுக்கு நாலு பேர். ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்து மூன்று தடவை சென்ட் போடுகிற ஊர் இது, விற்காமல் என்ன செய்யும்? ஆனால் குவாமாப் பேட்டையில் எல்லோரும் இராசில்தாவிடம்தான் வாங்குவார்கள். அவள் உள்ளதைச் சொல்வாள். "இத வாங்காதீங்க, பத்து நிமிஷத்துல எலுமிச்ச போட்ட தரை துடைக்கிற தண்ணியா மாறிடும்" என்று தான் விற்கிற சரக்கையே திட்டுவாள். அந்த வாய்க்காகவே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

மூக்கு போன பிறகு கேட்லாக்கில் அச்சடித்ததையே ஒப்பித்தாள். 'இளமையின் புத்துணர்ச்சி', 'மர்மமான இரவு மலர்'. கேட்கிறவர்களுக்குத் தெரியாதா? நாற்பது பேர் பதினேழு ஆனார்கள். போன தடவை, ஊரே 'தோனா' என்று மரியாதையாகக் கூப்பிடும் பழைய வாடிக்கைக்காரி தோனா ஒசிரேமா நேரடியாகவே கேட்டுவிட்டாள்: "ஏண்டி, கம்பெனிக்காரன் உன் வாய்க்குள்ள புகுந்துட்டானா? இதுக்கு நானே கேட்லாக்கப் படிச்சுக்க மாட்டேனா?" இன்னொரு தடவை இப்படிச் சொன்னால் மிச்சப் பதினேழும் போய்விடும் என்று இராசில்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

மூக்கு போன சங்கதியை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. கட்டின புருஷனிடம்கூட இல்லை. பீரா, தீவுகளுக்குப் போகும் படகில் இன்ஜின் பார்க்கிறவன். அவனிடம் ஒன்று சொன்னால் சாயங்காலத்துக்குள் ஆற்றின் இரண்டு கரைக்கும் தெரிந்துவிடும். சென்ட் விற்கிறவளுக்கு மூக்கில்லை என்று ஊரே சிரிக்க வேண்டுமா? இப்போது அவனை விட்டால் வேறு மூக்கும் இல்லை.

"யோவ் பீரா, எந்திரி. இத மோந்து பாத்துச் சொல்லு."

கூடத்து வலைத் தூளியில் படுத்திருந்த பீரா ஒரு கண்ணைத் திறந்தான். "நானா? எதுக்கு?"

"ஆம்பளைங்களுக்கு எப்படித் தோணுதுன்னு கேக்கறாங்க. மோந்து பாருன்னா பாரேன்."

முதல் குப்பியை அவன் மணிக்கட்டில் தடவினாள். அவன் மோந்தான், யோசித்தான், தலையாட்டினான். "நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா?"

"நல்லா இருக்குன்னா நல்லா இருக்கு."

"கடவுளே! எரும மாட்டக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா அதுகூட ரெண்டு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கும். என்ன மாதிரி இருக்குய்யா? எதாவது ஒண்ணு ஞாபகம் வருமில்ல?"

பீரா திரும்ப மோந்தான். இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். "மாங்கா. பழுத்தது இல்ல. காத்தடிச்சா நம்ம தெருவுல பிஞ்சா உதிருமே, காம்புல பால் வடிஞ்சுகிட்டு. அது."

இராசில்தா போனை எடுத்து அப்படியே சொன்னாள், தன் குரலில், தன் கிண்டலையும் சேர்த்து. இரண்டே நிமிடத்தில் மூன்று பேர் பதில் போட்டார்கள். 'அடி, திரும்பி வந்துட்டியா?' என்று பக்கத்துத் தெரு ஜூராசி எழுதியிருந்தாள். இராசில்தாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

இரண்டாவது குப்பிக்கு அவனை உலுக்கி எடுக்க வேண்டியிருந்தது. நடுவில் காப்பி கேட்டான். கொடுத்தாள். ஃபுட்பால் எத்தனை மணிக்கு என்று கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கடைசியில் வாயைத் திறந்தான்: "பல் டாக்டர் வீட்டு வராந்தா. பக்கத்துல ஒரு பொம்பள புதுத் தோல் செருப்பு போட்டுகிட்டு ஒக்காந்திருக்கா. பணக்காரி."

அதையும் அப்படியே அனுப்பினாள். ஆறு பதில்கள். ஒருத்தி தனக்கு அந்தப் பணக்காரியே வேண்டும் என்று இரண்டு ஆர்டர் போட்டாள்.

மூன்றாவது குப்பியில் வந்தது வினை. பீரா மோந்த உடனே சொன்னான்: "இது உன் தங்கச்சி வால்தெனோரா."

"என்னது?"

"அவ எதாவது உதவி கேட்டு வர்ற அன்னிக்கு இப்படித்தான் வாசம் வரும்."

"இத நான் எப்படிய்யா பதினேழு பேருக்குச் சொல்றது? அவளும் அந்தக் குரூப்புல இருக்கா! வேற சொல்லு."

"வேற ஒண்ணும் தோணல. அவதான்."

"என் குடும்பத்த இழுக்கலன்னா ஒனக்குத் தூக்கம் வராதே! போ, போய் மத்தியானத்துக்கு அசாயிப் பழக்கூழ் வாங்கிட்டு வா. என் கண்ணு முன்னால நிக்காத."

பீரா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மணி பதினொன்றேகால். இராசில்தா குப்பியை மூக்கின் துவாரத்தில் சொருகாத குறையாக இழுத்துப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர். அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை. போனை எடுத்தாள், வாயில் வந்ததைச் சொன்னாள்: "மூணாவது இருக்கே, பள்ளிக்கூடச் சட்ட. சரியாக் காயல, மணியாச்சுன்னு ஈரத்தோடயே இஸ்திரி போடறோம். பெட்டிய வச்சதும் ஆவி வருமே, அதுதான்." அனுப்பிவிட்டாள். இப்படி ஒரு பச்சைப் பொய்யைத் தன் வாடிக்கைக்காரிகளிடம் அவள் இதுவரை சொன்னதில்லை.

கால்மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தோனா ஒசிரேமா. அறுபத்திரண்டு வயது, தலை ஈரம், ஞாயிற்றுக்கிழமைப் பூப்போட்ட கவுன், மூச்சு வாங்குகிறது.

"அந்த மூணாவது எங்கடி? குடு."

குப்பியைப் பிடுங்கி, திறந்து, மொத்தத்தையும் கழுத்திலும் மணிக்கட்டிலும் கொட்டிக்கொண்டாள்.

"அக்கா! ரெண்டு சொட்டு போதும்க்கா!"

ஒசிரேமா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "ஒங்கிட்ட சொல்றதுக்கென்ன. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு ஒரு வாசமும் தெரியறதில்ல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீ சொல்றதக் கேட்டுத்தான் வாங்கிகிட்டிருந்தேன். அப்புறம் நீயும் கேட்லாக் பேச ஆரம்பிச்சியா, எனக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு. இன்னிக்கு அந்தச் சட்ட, இஸ்திரிப் பெட்டின்னு சொன்ன பாரு, சத்தியமா மூக்குல வந்துதுடி. என் புள்ளைங்க நாலு பேரோட சட்டையும் வந்துது."

இராசில்தா காலிக் குப்பியை எடுத்து மூடினாள்.

ஒசிரேமா கழுத்தை நீட்டினாள். "ஒர்லாந்தினோ மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கான். மனுஷன் பொண்டாட்டி போய் மூணு வருஷமாச்சு. எனக்கும் வயசு ஏறிகிட்டுதான் இருக்கு. மோந்து பாத்து உள்ளத உள்ளபடி சொல்லு. இது எம்மேல எப்படி இருக்கு?"

இராசில்தா குனிந்தாள். மூக்கு ஒசிரேமாவின் கழுத்தில் பட்டது. ஒன்றுமில்லை. ஒரு நல்ல பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவளிடம் மட்டும் அதைச் சொல்ல முடியவில்லை.

"அக்கா, எனக்கும் தெரியலக்கா. ஏழு மாசமாச்சு."

"என்ன தெரியல?"

"வாசம். எந்த வாசமும். மொதல் ரெண்டும் பீரா சொன்னது. சட்ட நான் இட்டுக்கட்டினது."

ஒசிரேமா எழுந்துவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. "அடிப்பாவி! கொசு மருந்து வாசம் வந்தாக்கூட ஒனக்குத் தெரியாதா? இந்தக் கோலத்துல நான் ஒரு ஆம்பள வீட்டுக்குப் போயிருப்பேனே! சொல்லித் தொலைக்கறதுக்கு ஒனக்கு வாய் இல்ல?"

"நீங்க மட்டும் யார்கிட்ட சொன்னீங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றபோது, அசாயிப் பையோடு பீரா உள்ளே வந்தான். வாசலிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர்.

"சொல்லுய்யா, அக்கா எப்படி இருக்காங்க?" என்றாள் இராசில்தா.

"சென்ட் நல்லதுதான். ஆனா ஒரு கல்யாண வீட்டுக்குப் போட்டது மொத்தமும் ஒரு ஆள் மேல இருக்கு. தோனா ஒசிரேமா, சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போங்க." பீரா கொஞ்சம் தயங்கினான். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தான். "நீயும்தான்."

"நானா?"

"ஏழு மாசமா. பஸ்ல நீ ஏறினா பக்கத்து சீட்டு காலியாகுது. ஜூராசி வீட்டுல ஒன்ன ஏன் கொல்லப்பக்கம் ஒக்கார வைக்கறாங்கன்னு நெனைக்கற? காத்து வரட்டும்னுதான். பாதிப் பேர் நின்னது கேட்லாக் பேச்சால இல்ல."

இந்த ஊரில் ஒரு பெண்ணின் மூஞ்சிக்கு நேராக 'உன் மேல் நெடி' என்று சொல்வதும் அவளைச் செருப்பால் அடிப்பதும் ஒன்றுதான். அதனால் விலகிப்போன இருபத்து மூன்று பேரில் ஒருத்தியும் காரணத்தைச் சொல்லவில்லை. இராசில்தாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தனக்கே தெரியவேண்டும் என்று தினமும் காலையில் அழுத்தி அழுத்தி அடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"என் மூக்கு போனது ஒனக்குத் தெரியுமா?"

"புளிச்சுப் போன அசாயிய ரெண்டு தடவ எனக்கு ஊத்தின. தெரியாமயா இருக்கும்? அதான் இன்னிக்கு அவ்வளவு யோசிச்சு யோசிச்சு சொன்னேன்."

"தெரிஞ்சுமா ஏழு மாசம் சும்மா இருந்த? ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கிட்ட சொல்லலியே," என்றான் பீரா.

அவன் குரலில் சண்டை இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. படாரென்று எதையாவது தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. மணியைப் பார்த்தாள், பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க. மூணாவதப் பத்தி நான் சொன்னது பொய். ஏழு மாசமா எனக்கு மூக்கே இல்ல. மொதல் ரெண்டும் பீராவோட மூக்கு, அது நெஜம். எம்மேல நெடி அடிக்குதுன்னு தெரிஞ்சும் மூடிகிட்டிருந்தீங்களே, ஒங்களுக்கும் வெக்கமில்ல, எனக்கும் வெக்கமில்ல. வேற ஆள்கிட்ட வாங்கறவங்க தாராளமா வாங்கிக்கலாம். அவ்வளவுதான்."

அனுப்பிவிட்டுப் போனை மேசையில் வைத்தாள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒசிரேமா மணிக்கட்டைக் கவுனில் தேய்த்துக்கொண்டாள்.

அப்புறம் ஜூராசியின் குரல் வந்தது.

"அப்பாடா! இதுதாண்டி எங்க இராசில்தா. பன்னெண்டு ஆகறதுக்குள்ள எனக்கு ரெண்டாவது ஒண்ணு எழுதிக்க. அப்புறம் தயவுசெஞ்சு போய்க் குளி."